கரடிமலைக்குத் திரும்பியவன்: லா. ச. ரா.வின் ‘அபிதா’ குறித்து ஒரு திறனாய்வு

1. ஒரு பழைய கருப்பொருள்

இளமையில் உடன் விளையாடியவர்கள் நெடுங்காலம் பிரிந்திருந்து, வாழ்வின் நடுப்பகுதியில் மீண்டும் சந்திப்பது இலக்கியத்தில் மிகப் பழைய கருப்பொருள்களுள் ஒன்று. நம் மக்கள் இதனை இரண்டு கதைகளின் வாயிலாக நன்கு அறிந்திருக்கின்றனர். சாந்தீபனி முனிவரிடம் கண்ணனோடு பயின்ற குசேலர், வறுமை தாங்காமல் துவாரகைக்குச் செல்கிறார். மன்னனாகிய கண்ணன் எழுந்து வந்து அவரைத் தழுவிக்கொண்டு, கந்தையில் முடிந்து வந்த அவலை வாங்கி உண்கிறான். பரத்துவாசரின் ஆசிரமத்தில் துருபதனோடு வளர்ந்த துரோணரும் அதே போன்ற வறுமையோடுதான் பாஞ்சால நாட்டு அரண்மனைக்குச் செல்கிறார். ஆனால் மன்னனுக்கும் இரவலனுக்கும் இடையே நட்பு எவ்வாறு இருக்க முடியும் என்று துருபதன் கேட்டுவிடுகிறான். அந்த ஒரு கேள்வியில் பிறந்த பகை குருக்ஷேத்திரப் போர்க்களம் வரை நீள்கிறது.

நிகழ்ச்சி ஒன்றே, விளைவுகள் இரண்டு. பழைய நட்பு மீண்டும் கூடும்போது அது வாழ்வாகவும் அமையலாம், அழிவாகவும் அமையலாம் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். வள்ளுவர் நட்பைப் பற்றியும், நட்பை ஆராய்தல் பற்றியும் கூறியதோடு அமையாமல், ‘பழைமை’ என்று தனியோர் அதிகாரமே வகுத்ததும் இதனாலேயே எனலாம். நெடுநாள் பழகியவர் உரிமையால் செய்வதைப் பொறுத்துக்கொள்ளுதலே அவர் கூறும் பழைமையின் இலக்கணம். ஆனால் உரிமை என்னும் அச்சொல்லுக்கு எல்லை எங்கே? இன்னொருவருடைய வாழ்வின்மேல் நம் இளமை நினைவு நமக்கு எவ்வளவு உரிமை தருகிறது? இக்கேள்வியைத் தமிழ் நாவல்களுள் மிகக் கூர்மையாக எழுப்பிய படைப்பு, லா. ச. ராமாமிருதம் 1970-இல் வெளியிட்ட ‘அபிதா’ என்று நாம் கருதுகிறோம்.

இந்நாவலைப் பற்றி இறையியல் ஏடு ஒன்றில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். முற்றிலும் வேறொரு சமய மரபின் சொற்களாலும் படிமங்களாலும் கட்டப்பட்ட நூல் இது. மேலும், நம் வாசகருள் சிலருக்கு இதன் கதையே அருவருப்பை உண்டாக்கக்கூடும். எனினும் நினைவு, குற்றம், ஒப்புரவு என்னும் மூன்றும் எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியுடைமை அல்ல. அவற்றைப் பற்றி ஒரு சிறந்த கலைஞர் சொன்னதைச் செவிகொடுத்துக் கேட்பதும், கேட்டபின் நேர்மையாக மறுமொழி கூறுவதும் நம் கடமையாகும்.

2. கதையும் அதன் அமைப்பும்

லால்குடி சப்தரிஷி ராமாமிருதம் (1916–2007) மணிக்கொடிக் காலத்தை ஒட்டி எழுதத் தொடங்கியவர். வங்கிப் பணியில் நெடுங்காலம் இருந்துகொண்டே சிறுகதைகளையும் நாவல்களையும் படைத்தவர். ‘புத்ர’ என்னும் நாவல் 1965-இல் வந்தது. அதனை அடுத்து வந்தது ‘அபிதா’. ‘சிந்தாநதி’ என்னும் தன்வரலாற்று நூலுக்காக 1989-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அளவிற் சிறியதாயினும் அவருடைய படைப்பாற்றலின் முழு வீச்சையும் காட்டுவது ‘அபிதா’வே என்று கருதுவோர் பலர்.

கதையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். அம்பி என்பவன் கரடிமலை என்னும் மலையடிவாரச் சிற்றூரில் வளர்ந்தவன். அங்கே அவனுக்கு விளையாட்டுத் தோழியாக இருந்து, பின்னர் அவன் நெஞ்சில் காதலியாக வளர்ந்தவள் சகுந்தலை. இளமையிலேயே அவன் ஊரை விட்டுப் போய்விடுகிறான். வெளியூரில் ஒரு செல்வரிடம் சேர்ந்து, அவருடைய மகள் சாவித்திரியை மணந்து, வசதியான வாழ்வை அடைகிறான். ஆண்டுகள் பல கழிகின்றன. நடுவயதில், மனைவியையும் அழைத்துக்கொண்டு கரடிமலைக்குத் திரும்புகிறான். அங்கே சகுந்தலை இல்லை; அவள் இறந்துபோயிருக்கிறாள். ஆனால் அவள் மகள் அபிதா இருக்கிறாள், தாயின் அச்சாக. காலம் நகரவேயில்லை என்று அம்பியின் கண் அவனுக்குச் சொல்கிறது. தாயைத் தேடி வந்த அவன் மனம் மகளைப் பற்றிக்கொள்கிறது. மலையில் தொடங்கிய கதை மலையிலேயே முடிகிறது. அம்முடிவை இங்கே விரித்துரைக்காமல் வாசகரின் வாசிப்பிற்கே விட்டுவிடுகிறோம். அது கூடி மகிழும் முடிவன்று என்பதை மட்டும் கூறினால் போதும்.

கதை முழுவதும் அம்பியின் வாய்மொழியாகவே அமைந்துள்ளது. இதுவே இந்நாவலைப் புரிந்துகொள்வதற்குத் திறவுகோல். சகுந்தலை தன் வாழ்நாளில் என்ன எண்ணினாள், அம்பி போனபின் எவ்வாறு வாழ்ந்தாள், எந்த மனநிலையில் இறந்தாள் என்பவற்றை அவள் வாயால் நாம் கேட்பதேயில்லை. அபிதாவின் உள்ளமும் நமக்குத் திறக்கப்படுவதில்லை. சாவித்திரியைக்கூட அம்பியின் சலிப்பின் வழியாகத்தான் காண்கிறோம். மூன்று பெண்கள்; ஒரே குரல்; அக்குரலும் அவர்களுடையது அன்று. சிலர் இதனை நாவலின் குறை என்பர். நாம் இதனை நாவலின் பொருள் என்றே கொள்கிறோம். மறுபடியும் சந்திக்க வந்தவன் உண்மையில் யாரையும் சந்திக்கவில்லை என்பதை, வேறொரு குரலுக்கு இடமளிக்காமலேயே ஆசிரியர் நமக்கு உணர்த்திவிடுகிறார்.

3. பெயர்கள் கூறும் தீர்ப்பு

அம்பியின் குரலே நூல் முழுவதையும் நிறைத்திருப்பதால், ஆசிரியர் அவன் பக்கம் நிற்கிறாரா என்னும் ஐயம் எழுவது இயல்பு. இதற்கு விடையைப் பாத்திரங்களின் பெயர்களில் தேடலாம்.

சகுந்தலை என்ற பெயரைக் கேட்டவுடன் காளிதாசரின் நாடகம் நம் நினைவுக்கு வரும். அங்கே துஷ்யந்தன் அவளை மறந்துபோகிறான். மோதிரம் கிடைத்தபின் நினைவு மீள்கிறது. நினைவு மீண்டபின் மனம் வருந்துகிறான். அதன் பின்னரே மனைவியையும் மகனையும் அடைகிறான். மறதி, நினைவு, வருத்தம், கூடுதல் என்பது அக்கதையின் வரிசை. அம்பியோ எதையும் மறக்கவில்லை. அவன் நினைவு ஒரு கணமும் ஓய்வதில்லை. ஆனால் அந்நினைவு வருத்தமாக மாறவில்லை, வேட்கையாகவே நின்றுவிடுகிறது. சாபத்தால் மறந்தவனுக்கு மீட்பு உண்டு. நினைவையே பருகி மயங்கியவனுக்கு மீட்பு அரிது என்பதே இப்பெயர் நமக்கு உணர்த்தும் செய்தி.

சாவித்திரி என்பது கணவனின் உயிரை எமனிடமிருந்து மீட்டு வந்தவளின் பெயர். இந்நாவலில் கணவன் இறந்துபோன ஒருத்தியை நோக்கி நடக்கிறான். உயிரோடு உடன் வரும் மனைவி அவன் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. புராணத்துச் சாவித்திரிக்கு எமன் எதிரே நின்றான். அவனோடு அவளால் பேச முடிந்தது, வழக்காட முடிந்தது. இந்தச் சாவித்திரிக்கு எதிரே நிற்பது ஒரு நினைவு. நினைவோடு எவ்வாறு வழக்காடுவது? உடன் வாழ்ந்த ஆண்டுகளெல்லாம் ஓர் இளமை நினைவின் முன் தோற்றுப்போகும் கொடுமையை, அம்பியின் பொறுமையற்ற சொற்களுக்கு இடையிலேயே நாம் கண்டுகொள்கிறோம். இந்நூலைப் படித்து முடித்தபின் நம் நெஞ்சில் தங்குபவள் சகுந்தலையும் அல்லள், அபிதாவும் அல்லள், சாவித்திரியே.

மூன்றாவது பெயர் நம் மாவட்டத்தோடு தொடர்புடையது. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் எழுந்தருளியிருக்கும் அம்மனுக்கு உண்ணாமுலையம்மன் என்பது தமிழ்ப் பெயர். அபீதகுசாம்பாள் என்பது வடமொழிப் பெயர். அபிதா என்பது அப்பெயரின் சுருக்கம். தேசூரிலும் ஆரணியிலும் வந்தவாசியிலும் வாழ்வோருக்கு உண்ணாமுலை என்பது கேட்டுப் பழகிய பெயர். பெண்மக்களுக்கு வழங்கும் பெயர். அப்பெயரை ஒரு மலையடிவாரத்து ஏழைப் பெண்ணுக்கு ஆசிரியர் இட்டிருப்பது தற்செயல் அன்று. யாருடைய நுகர்வுக்கும் உட்படாதவள் என்பது அப்பெயரின் உட்பொருள். ஆகவே, அவளைத் தன் நினைவுக்கு உணவாக்க முயலும் அம்பியின் முயற்சி தோற்கும் என்பதை நூலின் தலைப்பே முன்னறிவித்துவிடுகிறது.

4. ஓர் எதிர்வாதம்

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையோடு எண்ணிப்பார்க்க வேண்டும். லா. ச. ரா. அம்பாள் வழிபாட்டில் ஊறியவர். அவருடைய புகழ்பெற்ற ‘ஜனனி’ என்னும் சிறுகதையில் பராசக்தியே குழந்தையாகப் பிறந்து மனிதரிடையே வளர்கிறாள். அவர் படைப்புகளில் பெண் என்பவள் தனியொரு ஆள் மட்டும் அல்லள். ஆதிசக்தியின் ஒரு தோற்றம். அவ்வாறாயின், அம்பி சகுந்தலையிடமும் அபிதாவிடமும் காண்பது ஒரே சக்தியின் இரு தோற்றங்களே. ஒரு விளக்கில் ஏற்றிய சுடர் இன்னொரு விளக்கில் எரிவது போன்றது அது. அதனைக் காமம் என்று சுருக்குவது இம்மரபை அறியாதவர் கூற்று. இவ்வாறு வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் வலிமையற்றதும் அன்று.

ஆயினும் நாம் கேட்பது இது: வழிபடுகிறவன் எதைக் கேட்கிறான்? வழிபாட்டின் இயல்பு, வழிபடப்படுவதன் முன் தன்னைச் சிறிதாக்கிக்கொள்வது. அம்பியோ எங்கும் தன்னைச் சிறிதாக்கிக்கொள்வதில்லை. அவன் உலகத்தில் எல்லாம் அவனை மையமாகக் கொண்டே சுழல்கின்றன. மலை அவனுக்காகக் காத்திருந்தது. சகுந்தலை அவனுக்காக வாழ்ந்தாள். அபிதா அவனுக்காகப் பிறந்தாள். ஒருத்தியைத் தெய்வம் என்று சொல்லிவிட்டு, அவள் விருப்பம் என்ன என்று ஒருமுறையேனும் கேளாதிருப்பது பக்தி ஆகாது. தெய்வமாக்குதலும் பொருளாக்குதலும் சில வேளைகளில் ஒரே செயலின் இரு பெயர்களாகிவிடுகின்றன. பெண்ணைத் தாய் என்றும் சக்தி என்றும் புகழ்ந்துகொண்டே அவள் வாயை அடைக்கும் வழக்கம் எந்த ஒரு சமயத்தாரிடமும் மட்டும் இருப்பதன்று. ஆலயங்களில் பெண்ணின் தியாகத்தைப் போற்றிவிட்டு, ஆலோசனைக் கூட்டத்தில் அவளுக்கு இடமளியாத நம் சபைகளும் இக்கேள்விக்கு விலக்கல்ல.

இதைவிட முக்கியமானது, இத்தீர்ப்பை நாம் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை என்பது. அம்மரபிற்கு உள்ளேயே நின்று, அம்மனின் பெயரைக் கொண்டே, ஆசிரியர் அம்பியை நியாயத்தின் முன் நிறுத்துகிறார். சாக்த மரபின் மிக நுட்பமான எச்சரிக்கையாகவே இந்நாவலைப் படிக்க முடியும்: சக்தியை நாடுகிறவன் அவளை உடைமையாக்க முயன்றால் அவளை இழப்பான்.

5. அம்பியும் யாக்கோபும்

ஆதியாகமத்தை அறிந்த வாசகர்க்கு அம்பியின் கதையில் வேறொரு கதையின் சாயல் தென்படாமல் இராது. இளமையில் வீட்டை விட்டு ஓடி, தொலைநாட்டில் ஒரு செல்வரிடம் ஊழியம் செய்து, அவர் குமாரத்திகளை மணந்து, ஆஸ்தியோடு இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்புகிறவன் யாக்கோபு. கருவிலேயே உடனிருந்து, ஒரே கூடாரத்தில் வளர்ந்த ஏசாவை அவன் சந்திக்க வேண்டியிருக்கிறது. இரு கதைகளின் புறவடிவமும் பெரிதும் ஒத்திருக்கிறது. வேற்றுமையைக் கவனித்தால் மறுசந்திப்பின் உட்பொருள் விளங்கும்.

முதலாவதாக, யாக்கோபு அஞ்சிக்கொண்டே வருகிறான். தான் விட்டுவந்த இடத்தில் ஒரு குற்றமும் விட்டுவரப்பட்டிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அம்பிக்கு அச்சம் இல்லை. சொல்லாமல் ஊரை விட்டு வந்தது ஒருத்தியின் வாழ்வில் என்ன செய்திருக்கும் என்னும் எண்ணம் அவனிடம் எழாமல் இல்லை. ஆனால் எழுந்தவுடனே அது தன்மேல் தான் கொள்ளும் இரக்கமாகக் கரைந்துவிடுகிறது.

இரண்டாவதாக, யாக்கோபு அண்ணனைச் சந்திக்குமுன் ஓர் இரவு முழுவதும் யாப்போக்கு ஆற்றங்கரையில் போராடுகிறான். தொடைச்சந்து சுளுக்கி, நொண்டிக்கொண்டே மறுநாள் வெளிச்சத்தில் நடக்கிறான். பழையவரைச் சந்திக்கும் முன் தன்னைத்தான் சந்திக்க வேண்டும் என்பது அவ்விரவின் பொருள். அம்பியின் பயணத்தில் அப்படியோர் இரவு வருவதில்லை. ஊனமின்றித் திரும்புகிறான், அதுவே அவன் ஊனம்.

மூன்றாவதாக, ஏசாவிற்குப் பேச வாய் இருக்கிறது. தனக்குப் போதுமானது உண்டு என்று சொல்லிக் காணிக்கையை மறுக்க அவனால் முடிகிறது. அவனும் அந்த இருபது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறான், மக்களைச் சேர்த்திருக்கிறான், மாறியிருக்கிறான். தம்பியின் நினைவிலிருந்த ஏசாவுக்கும் எதிரே ஓடிவந்து தழுவிய ஏசாவுக்கும் உள்ள வேற்றுமைதான் அச்சந்திப்பை அருளாக்கியது. அண்ணனின் முகத்தில் தேவமுகத்தின் சாயலை யாக்கோபு கண்டது, அது அவன் எதிர்பாராத முகமாக இருந்தமையால் அன்றோ? அம்பி தேடுவது எதிர்பார்த்த முகத்தை மட்டுமே. அது மகளிடம் கிடைத்துவிட்டதால் வேறெதையும் காண அவனுக்குக் கண் இல்லாமற்போகிறது.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. தழுவி அழுதபின் சகோதரர் இருவரும் ஒன்றாக வாழச் செல்லவில்லை. ஏசா சேயீருக்குத் திரும்புகிறான். யாக்கோபு சுக்கோத்துக்குப் போகிறான். ஒப்புரவு என்பது இழந்த காலத்தைத் திரும்பப் பெறுவதன்று. இழந்தது இழந்ததுதான் என்று இருவரும் ஏற்றுக்கொண்டு, பகையின்றித் தத்தம் வழியே செல்வதும் ஒப்புரவுதான். இதனை ஏற்க மறுப்பவனே அம்பி ஆகிறான்.

6. உரைநடையின் வலிமையும் எல்லையும்

இந்நாவலின் மொழியைப் பற்றிக் கூறாமல் திறனாய்வு முழுமை பெறாது. லா. ச. ரா.வின் உரைநடை கண்ணுக்காக மட்டும் எழுதப்பட்டதன்று; செவிக்காகவும் எழுதப்பட்டது. ஒரு சொல்லை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, மந்திரத்தைப் போல அதன் பொருளுக்கு அப்பால் உள்ள அதிர்வை எழுப்புவது அவர் வழி. வாக்கியங்கள் சில வேளை ஒரே சொல்லில் முடிகின்றன. சில வேளை நீண்டு சுழல்கின்றன. நேற்று, இன்று என்னும் எல்லை அழிந்துபோகிறது. அம்பி பார்த்துக்கொண்டிருக்கும் பாறை இன்றைய பாறையா, பத்து வயதில் சகுந்தலையோடு ஏறிய பாறையா என்று வாசகருக்கே மயக்கம் உண்டாகிறது. நினைவால் பீடிக்கப்பட்ட ஓர் உள்ளத்தை இதைவிடச் சிறப்பாகத் தமிழில் காட்டியவர் அரியர்.

ஆயின் அவ்வலிமையே ஒரு குறைக்கும் காரணமாகிறது. மொழியின் போதை சில இடங்களில் அம்பியை மட்டும் அன்றி ஆசிரியரையும் ஆட்கொள்கிறதோ என்று ஐயுற இடமுண்டு. கரடிமலையில் மக்கள் எவ்வாறு பிழைக்கிறார்கள், ஆள் போனபின் ஊர் என்ன ஆனது, ஓர் ஏழைப் பெண்ணுக்குச் செல்வர் ஒருவரின் வருகை என்ன பொருள்படும் என்னும் உலகியல் செய்திகள் சொல்லின் புகைமூட்டத்தில் மறைந்துபோகின்றன. அம்பியின் கையில் பணம் இருக்கிறது. அபிதாவின் கையில் இல்லை. இந்த வேற்றுமை அவன் மோகத்திற்குத் தரும் வலிமையை நூல் இன்னும் தெளிவாகக் காட்டியிருக்கலாம். துருபதன் கேட்ட கேள்வியின் மறுபக்கம் இது. வறியவன் செல்வனைத் தேடிச் செல்லும்போது எழும் சிக்கலைப் பழங்கதைகள் பேசின. செல்வன் வறியவரைத் தேடி வரும்போது எழும் ஆபத்தை இந்நாவல் தொடுகிறது. ஆனால் முழுவதும் பற்றிப் பேசவில்லை.

7. புத்தம் வீட்டு லிஸி

இக்குறையை நிறைவு செய்வது போல் அமைந்த இன்னொரு நாவலை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் வெளியிட்ட ‘புத்தம் வீடு’, குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் கதை. பனைவிளை என்னும் ஊரில், பழம்பெருமையன்றி வேறெதுவும் எஞ்சாத வீட்டில் வளரும் லிஸிக்கும், பனையேறி ஒருவரின் மகனாகிய தங்கராஜுக்கும் சிறுவயது முதலே பழக்கம். லிஸி பருவமடைந்ததும் வீட்டிற்குள் அடைக்கப்படுகிறாள். அன்று முதல் இருவரும் ஒரே ஊரில் இருந்துகொண்டே பிரிந்தவர்கள். அவர்களைப் பிரிப்பது கடலும் அன்று, காலமும் அன்று. ஒரு வாசற்படியும் குடும்ப மதிப்பும்தான். ஒரு கொலையும் அதனால் வந்த பழியும் இடையிற் குறுக்கிட, நெடுங்காலக் காத்திருத்தலுக்குப் பின்னரே அவர்களுக்கு மணவாழ்வு கிட்டுகிறது.

அபிதாவோடு ஒப்பிடும்போது மொழியில் எளியது புத்தம் வீடு. குமரி நாட்டுப் பேச்சு வழக்கு அதில் இயல்பாக ஒலிக்கிறது. ஆனால் அங்கே பெண்ணுக்கு உள்ளம் இருக்கிறது. அவ்வுள்ளத்திற்குள் வாசகருக்கு இடம் இருக்கிறது. சாளரத்தின் வழியே பார்க்க மட்டும் அனுமதிக்கப்பட்ட லிஸியின் பார்வையில்தான் ஊரை நாம் காண்கிறோம். அம்பி விட்டுப்போனபின் சகுந்தலையின் வாழ்வு எவ்வாறு இருந்திருக்கும் என்று அறிய விரும்புவோர், அதை அபிதாவில் தேடிப் பயனில்லை. லிஸியின் காத்திருத்தலில் அதன் ஒரு பகுதியைக் காணலாம். ஆறு ஆண்டு இடைவெளியில் வெளிவந்த இவ்விரு நாவல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது பெரும்பயன் தரும். ஒன்று திரும்பி வந்தவனின் நாவல். மற்றது போகாமல் இருந்தவளின் நாவல்.

இக்கருப்பொருள் இன்னும் தமிழ் மனத்தை விட்டு அகலவில்லை என்பதற்குத் திரைப்படங்களும் சான்று. தங்கர் பச்சான் தம் ‘கல்வெட்டு’ என்னும் சிறுகதையை ‘அழகி’ என்னும் படமாக 2002-இல் இயக்கினார். பிரேம்குமார் இயக்கிய ‘96’ 2018-இல் வெளிவந்தது. தஞ்சாவூரில் உடன் படித்த இருவர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஓர் இரவு சந்தித்துப் பிரிகிறார்கள். அதனைக் கண்டு கண்ணீர் விட்டவர் பலர். அக்கண்ணீரை நாம் இகழவில்லை. ஆனால் அபிதாவைப் படித்தவர் அத்தகைய படங்களைப் பார்க்கும்போது, திரையின் ஓரத்தில் நிற்கும் சாவித்திரிகளையும் சேர்த்தே பார்ப்பர்.

8. நெசவூரிலிருந்து பார்க்கும்போது

தேசூர் போன்ற நெசவூரில் இருந்து இந்நாவலைப் படிப்பவர்க்கு இது வெறும் காதற்கதையாகத் தோன்றாது. நம் பகுதியில் பிரிவும் மறுசந்திப்பும் அன்றாட நிகழ்ச்சிகள். சிறுவயதில் ஒரே திண்ணையில் அமர்ந்து தார் சுற்றிய இருவரில் ஒருவர் குழித்தறியில் இறங்கினார்; மற்றவர் படித்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனார். நாற்பத்தைந்து வயதில், ஒரு திருமணத்திற்கோ, பழைய மாணவர் கூட்டத்திற்கோ, ஆலயத்து ஆண்டுவிழாவிற்கோ வந்து நிற்கிறார். “இன்னும் தறியில்தான் இருக்கிறாயா?” என்று அன்போடுதான் கேட்கிறார். அக்கேள்வி எங்கே குத்துகிறது என்பதை அவர் அறிவதில்லை. ஊர் மாறாமல் இருக்க வேண்டும் என்பது போனவரின் ஆசை; அரச மரமும் குளமும் பள்ளிக்கூடத்து ஓடும் அப்படியே இருந்தால் அவர் மகிழ்கிறார். இருந்தவருக்கோ ஊர் மாறவில்லை என்பதே துயரம். அல்லது, அவர் கண்முன் ஊர் எவ்வளவோ மாறிவிட்டது. வந்தவருக்கு அதைக் காணப் பொறுமை இல்லை.

போனவர் தம் நினைவைப் பார்க்க வருகிறார். இருந்தவரைப் பார்க்க வருவதில்லை. அம்பியின் குற்றம் நாவலில் எல்லை மீறியதொரு வடிவம் கொள்கிறது. ஆயினும் அதன் வித்து இந்தச் சிறிய, அன்பான கவனக்குறைவில் இருக்கிறது. வாசகரை நடுங்கச் செய்வது இதுவே. அம்பி ஓர் அரக்கன் அல்லன். நம்மில் எவரும் அவனாகலாம்.

பட்டுத் தறியில் ஒரு வேலை உண்டு. ஒரு பாவு தீரும் தறுவாயில், அதன் கடைசி இழைகளை அச்சிலிருந்து உருவி எறிந்துவிடுவதில்லை. புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இழையின் நுனியோடு முறுக்கிப் பிணைப்பர். ஆயிரக்கணக்கான இழைகள், அத்தனையையும் விரல் நுனியால் ஒவ்வொன்றாகத்தான் பிணைக்க வேண்டும். ஒரே பிடியில் அள்ளி முடிச்சுப் போட முடியாது. பிணைத்தபின் பழைய இழை புதிய இழைக்கு அச்சின் வழியே பாதை காட்டுகிறது. அதோடு அதன் பணி முடிகிறது. சேலை நெய்யப்படுவது புதுப் பாவில்தான்.

நட்பு மீண்டும் கூடுவதும் இத்தகையதே. பழைய நினைவு வழிகாட்டலாம். அதை வைத்தே மறுபடியும் நெய்ய முடியாது. நீ இல்லாத ஆண்டுகளில் எனக்கு என்ன நேர்ந்தது என்று ஒருவரும், நான் இல்லாத ஆண்டுகளில் உனக்கு என்ன நேர்ந்தது என்று மற்றவரும் இழை இழையாகக் கேட்டுப் பிணைக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதபோது பழைமை என்பது உரிமையாகாது, அத்துமீறலாகும்.

9. முடிவுரை

‘அபிதா’ எளிதில் படிக்கக்கூடிய நூலன்று. எளிதில் நேசிக்கக்கூடிய நூலும் அன்று. இளைஞர் கையில் இதனைக் கொடுக்கலாமா என்று சில ஆயர்களும் பெற்றோரும் தயங்கக்கூடும். தயக்கம் நியாயமானதே, ஆனால் மறைத்து வைப்பது தீர்வாகாது. தவறான வேட்கையை இனிமையாகப் பாடி வாசகரை மயக்கும் கதைகள் நம் வார இதழ்களில் குறைவின்றி வந்துள்ளன. இந்நாவல் அவ்வேட்கையை அதன் முழு இனிமையோடும் காட்டிவிட்டு, அதன் முடிவையும் காட்டுகிறது. இனிமையை மறைத்து எச்சரிப்பவரைவிட, இனிமையை மறைக்காமல் எச்சரிப்பவரே நம்பத்தக்கவர்.

நம் வாசக வட்டங்களிலும் இளைஞர் கூட்டங்களிலும் இவ்விரு நாவல்களையும் சேர்த்துப் படித்து உரையாடும்படி வேண்டுகிறோம். உரையாடலைத் தொடங்க மூன்று கேள்விகள் போதும். சகுந்தலை உயிரோடு இருந்திருந்தால், நரைத்த தலையோடும் தளர்ந்த உடலோடும் அவள் வாசலில் வந்து நின்றிருந்தால், அம்பி அவளை அடையாளம் கண்டிருப்பானா? அவளோ அவனை வரவேற்றிருப்பாளா? அம்பியோடு கரடிமலைக்கு வந்த சாவித்திரி, அவ்வூரை விட்டுப் போகும்போது எதை எடுத்துச் சென்றிருப்பாள்? முதல் இரண்டிற்கும் நாவலில் விடை இல்லை. மூன்றாவதற்கு விடை தேடுகிறவர், அம்பி ஒருபோதும் எழுதியிருக்க முடியாத இன்னொரு நாவலின் முதற்பக்கத்தைப் புரட்டியவர் ஆவார்.